மூடுபனியில் வண்டி மெதுவாகப் போவதுபோல் தெரிகிறதா? ஊட்டி மலைப்பாதையில் உங்கள் மூளை போடும் கணக்கு

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வரை நல்ல வெயில். பர்லியாறு கடந்ததும் ஜன்னல் வழியாக லேசான குளிர் காற்று. குன்னூர் நெருங்க நெருங்க ரோடு மெல்ல மறையத் தொடங்கும். எதிரே வரும் பஸ் தெரியாது, அதன் ஹெட்லைட் மட்டும் இரண்டு மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். வீக் எண்டுக்கு ஊட்டி கிளம்பும் எல்லோருக்கும் பழக்கமான காட்சிதான்.

அந்த நேரத்தில், ஸ்டீயரிங் பிடித்திருப்பவரிடம் ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் "இப்போ என்ன ஸ்பீடு?" என்று கேட்டால் சரியான பதில் வருமா?

பெரும்பாலும் வராது. அது அவருடைய அனுபவக் குறைவு அல்ல. மனித மூளை அசைவையும் வேகத்தையும் கண்டுபிடிக்கும் முறையே அப்படி. வேகத்தை அளக்க நம் கண்ணுக்குள் தனியாக ஒரு மீட்டர் கிடையாது. வந்து சேரும் வெளிச்சத்தை வைத்து மூளை ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்குத் தேவையான தகவல் பனியில் குறைந்துவிட்டால், விடையும் மாறிவிடும்.

எப்படி மாறுகிறது? எந்தப் பனியில் எந்தத் திசையில் மாறுகிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அசைவு எங்கே இருக்கிறது?

இதை நீங்கள் போனில் படிக்கிறீர்கள் என்றால், விரலால் ஒருமுறை ஸ்க்ரோல் செய்து பாருங்கள். எழுத்துகள் மேலே வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். உண்மையில் திரையில் எதுவும் நகரவில்லை. விநாடிக்கு 60 தடவையோ அதற்கு மேலோ, கொஞ்சம் கொஞ்சம் இடம் மாறிய தனித்தனி படங்களை உங்கள் போன் காட்டுகிறது. இடையில் இருக்கும் நகர்வை நிரப்புவது உங்கள் மூளை. விநாடிக்கு 24 படம் ஓடும் சினிமாவிலும் இதே கதைதான்.

1912-ல் ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் இதை ஆராய்ந்தார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே தாவுவதுபோல் தெரியும். எதுவும் அசையாத இடத்தில் அசைவைப் பார்க்கிறோம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு பொருளின் நிறம் தெரிய ஒரு கணம் போதும். அசைவு தெரிய இரண்டு கணங்கள் வேண்டும். 'அப்போது அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது' என்று மூளை ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். அசைவு என்பதே நேரத்தை உள்ளே வைத்துப் போடும் கணக்கு.

டீ ஊற்ற முடியாத பெண்

இந்தக் கணக்குக்கு மூளையில் தனி இடமே இருக்கிறது. அது நமக்குத் தெரியவந்ததில் டீக்கும் ஒரு பங்கு உண்டு.

1983-ல் ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த ஜோசப் ஜீல் தலைமையிலான குழு, 43 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 'பிரெயின்' மருத்துவ இதழில் எழுதியது. மூளையின் ரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பால், அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் பின்பகுதியில் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. மருத்துவ நூல்களில் அவர் எல்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படுகிறார்.

அவருக்குக் கண் தெரிந்தது. நிறம் தெரிந்தது. முகம் தெரிந்தது, படிக்க முடிந்தது. ஆனால் அசைவு தெரியவில்லை.

கோப்பையில் டீயோ காபியோ ஊற்றினால், அது பனிக்கட்டி மாதிரி உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. கோப்பையில் அளவு ஏறுவது தெரியாததால், எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நிறைய பேர் நடமாடும் அறைக்குள் இருப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஆட்கள் நடந்து வருவது தெரியாது. இங்கே இருந்தவர் திடீரென அங்கே இருப்பார். ரோட்டைக் கடப்பதுதான் பெரிய ஆபத்து. தூரத்தில் தெரிந்த கார், அடுத்த பார்வையில் பக்கத்தில் வந்து நிற்கும். நடுவில் அது வந்தது மட்டும் தெரியாது.

நம் டீக்கடைகளில் கையை உயரத் தூக்கி, கிளாஸுக்கும் குவளைக்கும் இடையே ஒரு சொட்டு சிந்தாமல் மாஸ்டர் டீ ஆற்றுவதை யோசித்துப் பாருங்கள். அந்த வேலையை நடத்திக் கொடுப்பதில் மூளையின் இந்தச் சின்னப் பகுதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நரம்பியல் ஆய்வாளர்கள் இதை 'வி5' என்றும், நிறத்துக்கு முக்கியமான இன்னொரு பகுதியை 'வி4' என்றும் அழைக்கிறார்கள். இதற்கு நேர்மாறான நோயாளிகளும் உண்டு. மூளையில் ஏற்படும் பாதிப்பால் உலகம் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் அசைவு நன்றாகத் தெரியும். அதாவது, 'சிவப்பு கார் வருகிறது' என்று நாம் ஒரே காட்சியாக உணர்வதில், 'சிவப்பு' ஒரு வழியிலும் 'வருகிறது' இன்னொரு வழியிலும் தயாராகின்றன.

நிறம் முந்துமா, அசைவு முந்துமா?

இரண்டு வழி என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் முடியுமா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கான்ஸ்டான்டினோஸ் முடூசிஸ், செமிர் ஜெகி இருவரும் 1997-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் சதுரங்கள் மேலும் கீழும் நகரும். அதோடு அவற்றின் நிறமும் மாறும். 'மேலே போகும்போது என்ன நிறம்?' என்று பார்ப்பவர்களிடம் கேட்டார்கள். நிறமும் திசையும் ஒரே நேரத்தில் மாறினாலும், மக்களுக்கு அது ஒரே நேரமாகத் தெரியவில்லை. நிற மாற்றம் முதலில் தெரிந்தது. திசை மாற்றம் சுமார் 70 முதல் 80 மில்லி விநாடி பின்தங்கியது.

இந்தத் தாமதம் ஏன் வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. அசைவைக் கணக்கிட அதிக நேரம் ஆகிறது என்பது ஒரு தரப்பு. 'எப்போது நடந்தது' என்று மூளை குறித்துக்கொள்ளும் விதம்தான் வேறு என்பது இன்னொரு தரப்பு. நமக்குத் தேவையான செய்தி இதுதான்: நாம் 'இப்போது' என்று நினைக்கும் காட்சி, வேறு வேறு வேலைகள் முடிந்து சேர்ந்த ஒரு தொகுப்பு.

80 மில்லி விநாடி ரொம்பச் சின்னதாகத் தெரியலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

ஸ்டான்லி மாணவர் கேட்ட கேள்வி

அசைவைக் கண்டுபிடிக்க மூளைக்கு என்ன வேண்டும்? நிற வித்தியாசம் போதுமா, இல்லை வெளிச்ச வித்தியாசமும் வேண்டுமா? இந்தக் கேள்வியில் ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு முக்கியமான இடம் உண்டு.

வி.எஸ்.ராமச்சந்திரன். இன்று 'பேன்டம் லிம்ப்' எனப்படும், இல்லாத கை கால் வலிக்கும் நிலை பற்றிய ஆய்வுகளுக்காக உலகம் அறிந்த நரம்பியல் அறிஞர். ஆனால் அவர் தொடங்கியது பார்வை ஆராய்ச்சியில். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1970-களின் தொடக்கத்திலேயே 'நேச்சர்' இதழில் அவருடைய ஆய்வு வெளியானது. பிறகு கேம்பிரிட்ஜ் சென்றார்.

1978-ல் அவரும் பிரிட்டன் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரியும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கேள்வி எளிமையானது: மனிதனின் அசைவு உணர்வுக்கு நிறம் தகவல் கொடுக்கிறதா?

சோதனையும் எளிமைதான். திரை முழுக்கச் சிவப்பு, பச்சைப் புள்ளிகள். நடுவில் ஒரு சதுரத்துக்குள் இருக்கும் புள்ளிகள் மட்டும் நகரும். சிவப்பும் பச்சையும் வெவ்வேறு பிரகாசத்தில் இருந்தால், சதுரம் நகர்வது பளிச்சென்று தெரிந்தது. இரண்டின் பிரகாசத்தையும் சமமாக்கினார்கள். புள்ளிகளின் நிறம் அப்போதும் தெரிந்தது. ஆனால் நகரும் சதுரம் காணாமல் போனது.

நிறம் சுத்தமாக உதவாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1984-ல் பேட்ரிக் கவானா குழுவினர் பிரகாசம் சமமான சிவப்பு-பச்சைக் கோடுகளை நகர்த்திக் காட்டினார்கள். அசைவு தெரிந்தது, ஆனால் உண்மை வேகத்தைவிட ரொம்ப மெதுவாகத் தெரிந்தது. சில நேரம் நின்றுவிட்டதுபோலவே இருந்தது.

ஆக, அசைவைக் கணக்கிட மூளை பெரிதும் நம்பியிருப்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. போட்டோ எடிட் செய்யும்போது நாம் கூட்டிக் குறைக்கும் அதே 'கான்ட்ராஸ்ட்'தான்.

தேயிலைத் தோட்டத்துக் காட்டெருமை

இதை நீலகிரியில் பொருத்திப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காட்டெருமைகள் மேய்வது சாதாரணக் காட்சி. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், கரும்பச்சைத் தேயிலைப் புதர்களுக்கு நடுவே கரும்பழுப்பு மிருகம். பகலில் இரண்டும் வேறு வேறு நிறம். மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டு. வித்தியாசம் குறைந்துவிடுவதால், அவ்வளவு பெரிய உடம்பு நகர்ந்தும் கண்ணில் சட்டென்று படாது.

காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல இருக்கும். பல நேரம் முதலில் தெரிவது அந்த நான்கு வெள்ளைக் கால்கள்தான். உடம்பு அதற்குப் பிறகுதான் 'தோன்றும்'. கான்ட்ராஸ்ட் எங்கே இருக்கிறதோ அங்கே அசைவு தெரிகிறது.

மாலையில் இன்னொரு மாற்றமும் நடக்கும். வெளிச்சம் குறையக் குறைய, நிறம் பார்க்கும் செல்களின் வேலை குறைந்து, இருட்டில் பார்க்கும் செல்கள் பொறுப்பெடுக்கும். இந்தச் செல்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் பகலில் பளிச்சென்று இருக்கும் சிவப்புப் பூ, இருட்டத் தொடங்கியதும் பக்கத்து இலையைவிடக் கறுத்துப் போனதுபோல் தெரிகிறது. 19-ம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே. மாலையில் தோட்டத்து ரோட்டோரம் நடப்பவர் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தால், 'என்னை நன்றாகத் தெரியும்' என்று அவர் நினைப்பது தப்பாகப் போகலாம். வெள்ளையோ இளமஞ்சளோ பாதுகாப்பு.

பனிக்குள் வேகம் என்ன ஆகும்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மூடுபனி செய்யும் முதல் வேலையே கான்ட்ராஸ்ட்டைக் குறைப்பதுதான். அப்படியானால் வேகம்?

1982-ல் பிரிட்டன் ஆய்வாளர் பீட்டர் தாம்சன் இதை அடிப்படையில் காட்டிவிட்டார். ஒரே வேகத்தில் நகரும் இரண்டு கோட்டு வடிவங்களில், கான்ட்ராஸ்ட் குறைந்தது மெதுவாக நகர்வதுபோல் தெரிந்தது.

1998-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்னோடன் குழு இதை டிரைவிங் சிமுலேட்டருக்குக் கொண்டு போனது. குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். ஸ்பீடோமீட்டர் கிடையாது. காட்சியில் மூடுபனியைக் கூட்டக் கூட்ட, மக்கள் சொன்ன வேகத்தைவிட வேகமாக ஓட்டினார்கள். தாங்கள் மெதுவாகப் போவதாக அவர்களுக்குத் தோன்றியதுதான் காரணம். 'பனியில் ஏன் வேகமாக ஓட்டுகிறார்கள்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே அப்போது பலரும் நினைத்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2012-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பாவ்லோ ப்ரெட்டோ குழு ஒரு ஓட்டையைப் பிடித்தது. நிஜமான பனி, காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் ரோட்டோரக் கல் நன்றாகத் தெரியும். 20 மீட்டர் தள்ளி இருக்கும் மரம் மங்கும். 50 மீட்டர் தள்ளி இருப்பது காணாமல் போகும்.

இப்படித் தூரத்துக்கு ஏற்ப மங்கும் பனியை சிமுலேட்டரில் உருவாக்கிப் பார்த்தார்கள். முடிவு தலைகீழ். மக்கள் தங்கள் வேகத்தை அதிகமாக மதிப்பிட்டார்கள், வேகத்தைக் குறைத்தும் ஓட்டினார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தூரத்தில் இருப்பவை கண்ணுக்கு மெதுவாக நகரும், பக்கத்தில் இருப்பவை சரசரவென ஓடும். பனி தூரத்தை மறைத்துவிட்டால், மிச்சம் இருப்பது வேகமாக ஓடும் பக்கத்துக் காட்சி மட்டுமே.

அதே சோதனையில், காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கியபோது பழைய முடிவே வந்தது. மெதுவாகப் போவதுபோல் தோன்றி, வேகமாக ஓட்டினார்கள்.

அப்படியென்றால், ஊட்டி ரோட்டில் காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்குவது எது?

உங்கள் முன் கண்ணாடியில் படியும் ஆவி. வெளியே குளிர், உள்ளே நான்கு பேரின் மூச்சு, ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி வெளுத்துவிடும். டூ வீலரில் வருபவர்களுக்கு ஹெல்மெட் வைசர். பக்கத்துக் கல், தூரத்து மரம் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மங்கலாக்குவது இதுதான். 'பரவாயில்லை, கொஞ்சம் தெரியுதே' என்று துடைக்காமல் ஓட்டும்போது, தெளிவு குறைவதோடு வேக உணர்வும் ஏமாற்றத் தொடங்குகிறது.

தூரமும் ஏமாற்றும்

நிஜப் பனியில் மூளை வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது என்றால், கவலை இல்லைதானே? அப்படியில்லை. பனி தூரத்தையும் தப்பாகக் காட்டும்.

பிரான்ஸில் செயற்கை மூடுபனி அறையில் வியோலா கவாயோ குழு நடத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. முன்னால் போகும் வண்டியின் பின்பக்க சிவப்பு லைட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். பனியில் மக்கள் சொன்ன தூரம், தெளிவான நிலையில் சொன்னதைவிட சராசரியாகச் சுமார் 60 சதவீதம் அதிகம். வண்டியின் உருவம் மறைந்து, மங்கலான லைட் மட்டும் மிஞ்சும்போது, மங்கலானது தூரத்தில் இருப்பதாக மூளை முடிவுகட்டிவிடுகிறது. 15 மீட்டரில் இருக்கும் லாரி 24 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். மணிக்கு 40 கி.மீ. என்பது விநாடிக்கு 11 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சுமார் 17 மீட்டர் போயிருப்பீர்கள். ஈரமான சமதள ரோட்டில், நல்ல டயரோடு, வண்டி முழுதாக நிற்க இன்னும் 12 மீட்டர். மொத்தம் 29 மீட்டர். இறக்கமாக இருந்தால் இன்னும் கூடும். அதே கணக்கில் மணிக்கு 20 கி.மீ. என்றால் 11 மீட்டரில் நின்றுவிடலாம். எதிரே 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 40-ல் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதற்குச் சமம்.

அருவியும் ஹைவேயும்

மலை ஏறுவதற்கு முன்பே மூளையை ஏமாற்றும் இன்னொரு விஷயம் நடந்திருக்கும். அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை.

போனில் ஏதாவது ஒரு அருவி வீடியோவைத் திறங்கள். பைக்காராவோ கேத்தரின் நீர்வீழ்ச்சியோ, எதுவானாலும் சரி. நடுவில் ஒரு புள்ளியை ஒரு நிமிடம் கண் நகர்த்தாமல் பாருங்கள். பிறகு வீடியோவை நிறுத்திவிட்டு அதே இடத்தையே பாருங்கள். நின்றுபோன தண்ணீர் மெல்ல மேலே ஏறுவதுபோல் தெரியும்.

1834-ல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் ஆடம்ஸ், பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பியபோது பாறை மேலே போவதுபோல் தெரிந்ததாக எழுதினார். 'அருவி மாயத்தோற்றம்' என்ற பெயர் பிறகு நிலைத்துவிட்டது. காரணம், பழகிப்போதல். கீழ்நோக்கிய அசைவுக்கு வேலை செய்யும் நரம்பு செல்கள் ஒரு நிமிடத்தில் சோர்ந்துவிடுகின்றன. அசைவு நின்றதும், மேல்நோக்கிய அசைவுக்கான செல்களின் குரல் ஓங்கித் தெரிகிறது.

ஹைவேயிலும் இதுதான் நடக்கிறது. சேலம் வழியாக நாலு வழிச் சாலையில் மணிக்கணக்காக 90, 100-ல் வந்த மூளை, அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. 1969-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், மணிக்கு 70 மைல் (சுமார் 112 கி.மீ.) வேகத்தில் ஓட்டி வந்தவர்களை ஸ்பீடோமீட்டர் பார்க்காமல் 40 மைலுக்குக் (64 கி.மீ.) குறைக்கச் சொன்னார்கள். குறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு 40-க்கு மேலேயே ஓட்டினார்கள். எவ்வளவு நேரம் வேகமாக வந்தார்களோ, அவ்வளவுக்குத் தவறும் கூடியது.

கோவையில் இருந்து மலையடிவாரத்துக்குத் தினமும் வரும் லோக்கல் டிரைவருக்கும், பெங்களூரிலோ சென்னையிலோ விடியற்காலை கிளம்பி நேராக மலை ஏறுபவருக்கும் இதுதான் வித்தியாசம். கொண்டை ஊசி வளைவில் '30-ல் தானே போகிறோம்' என்ற உணர்வு, ஐந்து மணி நேரம் ஹைவேயில் பழகிய மூளையின் உணர்வு. மேட்டுப்பாளையத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி ஒரு டீ குடிப்பது, உடம்புக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் நல்லது.

அப்போ என்ன செய்யலாம்?

இவ்வளவு அறிவியலுக்குப் பிறகு, செய்ய வேண்டியவை எளிமையானவைதான்.

வேகத்துக்கு ஸ்பீடோமீட்டரை நம்புங்கள். 'மெதுவாகத்தான் போறோம்' என்ற உணர்வுக்குப் பனியில் மதிப்பு இல்லை.

முன் கண்ணாடி உள்பக்கம் வெளுக்கத் தொடங்கியதுமே ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடி பக்கம் திருப்புங்கள். குளிருகிறது என்று ஏ.சி.யை அணைக்க வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தை எடுப்பது அதுதான். ஹீட்டரையும் சேர்த்துப் போடலாம். டூ வீலர் என்றால் ஓரமாக நிறுத்தி வைசரைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிரைட் லைட் வேண்டாம், டிம் போதும். பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். இருக்கும் கொஞ்ச கான்ட்ராஸ்ட்டும் அதில் அழிந்துவிடும். ஃபாக் லைட் இருந்தால் போடுங்கள்.

முன்னால் தெரியும் சிவப்பு லைட், தெரிவதைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதையும் மறக்க வேண்டாம். மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு வரும் கல்லட்டி பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

எதுவுமே தெரியாத அளவுக்குப் பனி இறங்கினால், ரோட்டின் நடுவில் நிற்காமல், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். மலை மேகம் பல நேரம் அரை மணி நேரத்தில் கலைந்துவிடும்.

கடைசியாக, பக்கத்து சீட்டில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் நண்பருக்கு ஒரு வேலை கொடுங்கள். குன்னூர் தாண்டிப் பனிக்குள் நுழைந்ததும், "இப்போ என்ன ஸ்பீடு சொல்லு?" என்று அவர் கேட்கட்டும். நீங்கள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அவர் மீட்டரைப் பார்த்து உண்மையைச் சொல்லட்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் போதும், உங்கள் மூளையின் கணக்கு எவ்வளவு தள்ளிப் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.